கிள்ளாத பரு

பிஸ்கட் தொழிற்சாலையின் மாவு பிசையும் கூடத்தில் அவளுக்குப் பதினொரு வருஷம். முப்பத்தேழு வயதில் போய் முகத்தில் பரு வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. வந்தது. தாடை ஓரம், முகக்கவசம் உராய்கிற இடமாகப் பார்த்து, வரிசை கட்டி உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் இருக்கும்வரை அது வெறும் பரு. வேலைக்கு வந்தால் அதுவே வில்லங்கம். கூடத்துக்குள் நுழையும் முன் வாசல்காரம்மா ஒவ்வொருவரையும் நிறுத்துவாள். உள்ளங்கையை விரித்துக் காட்ட வேண்டும், முகவாயைத் தூக்க வேண்டும். கையில் சின்ன டார்ச் வைத்திருப்பாள். முகம் சரியில்லை என்று பட்டால் வாயே திறக்க மாட்டாள், கட்டைவிரலைப் பின்பக்கம் காட்டுவாள். பின்பக்கம் என்றால் வண்டியில் பெட்டி ஏற்றும் இடம். அன்றைக்குப் பூராவும் பெட்டி தூக்க வேண்டியதுதான். ஒரே மாதத்தில் மூன்று தடவை கட்டைவிரல் காட்டிவிட்டால் ஆளை நிரந்தரமாக அங்கேயே மாற்றிவிடுவார்கள். அவளுடைய இடது முழங்கால் ஏற்கெனவே சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இந்த மாதம் இரண்டு தடவை ஆகிவிட்டது.

அவளும் சும்மா இருந்துவிடவில்லை. தினமும் உடைமாற்றும் அறையில் கண்ணாடி முன் நின்று, எழும்பி நிற்கிற பருவையெல்லாம் நகத்தால் கிள்ளித் தட்டையாக்குவாள். பிறகு கைக்கு வைத்திருக்கிற கிருமிநாசினியை முகத்தில் அள்ளித் தேய்ப்பாள். எரியும். எந்திரம் கழுவிப் பழகிய கை அல்லவா, கறை போகவில்லையென்றால் இன்னும் அழுத்தித் தேய்க்கத்தான் அதற்குத் தெரியும்.

"என்னக்கா, மாவு பிசையறதுக்கு முன்னாடியே மூஞ்சியப் பிசையறீங்க?" என்று அடுப்புப் பக்கம் வேலை பார்ப்பவள் சிரித்தாள்.

"உன் வேலையப் பாருடி. பெட்டி தூக்கப் போறது நீயா, நானா?"

அந்த வார விடுமுறையில் தோல் மருத்துவரிடம் போனாள். மருத்துவர் அவளைவிடச் சின்னப் பெண்.

"காலையில முகத்துக்கு என்ன பண்றீங்க?"

ஒன்று விடாமல் சொன்னாள், வாசலில் காட்டுகிற கட்டைவிரல் உட்பட. மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, நீங்க கழுவறது முகமா, அண்டாவா?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கிள்ளினா பரு போகாது. காயமாகும், நீர் வடியும். ஒருவேளை அந்தக் காயத்துக்காகத்தான் உங்கள வெளிய நிறுத்தறாங்களோ என்னவோ. கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பதினொரு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. கட்டைவிரலிடம் என்னத்தைக் கேட்பது?

மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மென்மையான சோப்பு, இரண்டு வேளை மட்டும். படுக்கும்முன் பட்டாணியளவு களிம்பை மெல்லிசாகத் தாடை முழுக்க. முகக்கவசத்தைத் தினமும் துவைத்துப் போட வேண்டும். முதலில் தோல் கொஞ்சம் உரியும், பயப்பட வேண்டாம். அடங்குவதற்கு மூன்று மாதம் பிடிக்கும்.

"மூணு மாசமா? எனக்கு இருக்கறது ஒரே ஒரு தடவைதாங்க."

"அதுக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா. கைய அடக்குங்க."

வீட்டில் அவள் களிம்பு பூசுவதைப் பார்த்துப் புருஷன், "சுவருக்குப் பட்டி பார்க்கறவன்கூட இவ்வளவு பொறுமையாப் பார்க்க மாட்டான்" என்றான். அவள் கண்ணாடியிலிருந்தே முறைத்தாள்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது முகவாயின் நட்ட நடுவில் ஒன்று கிளம்பியது. சிவந்து, உப்பி, தொட்டால் உயிர் போகிற மாதிரி. உடைமாற்றும் அறையில் விரல் தானாக மேலே போனது. கிள்ளினால் தட்டையாகும், ஆனால் காயம். கிள்ளாவிட்டால் தெருமுனையிலிருந்தே தெரியும். மருத்துவரும் 'ஒருவேளை' என்றுதானே சொன்னார்? கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, மணியடிக்கிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

டார்ச் வெளிச்சம் முகவாயிலேயே நின்றது.

"என்னடி இது?"

"பரு."

"அது தெரியுது. உடைஞ்சிருக்கா?"

"இல்லக்கா. தொடவேயில்ல."

"அப்புறம் என்ன, நகரு. பின்னாடி ஆளு நிக்குது."

அவள் நகரவில்லை. "அப்ப அந்த ரெண்டு தடவை?"

"ரெண்டு தடவையும் ரத்தத்தோட வந்து நின்ன. மாவுல விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா!"

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." வாசல்காரம்மா டார்ச்சை அடுத்தவள் முகத்துக்குத் திருப்பினாள்.

உள்ளே எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முகக்கவசத்துக்குள் பரு விண் விண்ணென்று தெறித்தது. கையுறையை மாட்டிக்கொண்டு, தொட்டியிலிருந்து மாவை ஒரு கிள்ளு கிள்ளிப் பதம் பார்த்தாள். கொஞ்சம் இறுக்கம். தண்ணீர்க் குழாயைத் திறந்தாள்.