காளியண்ணன் கீறல்

கடல் தாண்டி வந்த உறையைப் பிரித்துப் படிக்கிற யோக்கியதை, மல்லசமுத்திரத்தை ஒட்டிய அந்தச் சிற்றூரில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அர்த்தநாரி வாத்தியார். பள்ளிக்கூடமும் அவர்தான், தபாலாபீசும் அவர்தான். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த அதே மேசையில் முத்திரையும் குத்துவார். அவருடைய இங்கிலீஷ் மூன்றாம் பாரத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, நின்றுபோன சங்கதி ஊரில் யாருக்குத் தெரியும்? அவரும் காட்டிக்கொள்ளவில்லை. அந்த அரைகுறை இங்கிலீஷ் ஒரு பெண்ணின் தாலியில் விளையாடப் போகிறது என்று தெரிந்திருந்தால், மனுஷன் அன்றைக்கே தபால் பையைக் கிணற்றில் வீசியிருப்பார்.

நாற்பத்தாறாம் வருஷம், மாசி மாதம். உறை வந்தது நல்லம்மாளுக்கு.

அவள் புருஷன் காளியண்ணன் நாற்பத்தொன்றில் பட்டாளத்துக்குப் போனவன். மறு வருஷம் சிங்கப்பூர் விழுந்தபோது, 'காணவில்லை' என்று ஒரு காகிதம் வந்தது. அதோடு சரி. நாலு வருஷம் பொறுத்துப் பார்த்த அவன் அண்ணன் சரவணமுத்து, "பங்குனியில காரியத்த முடிச்சுப் போடலாம் அம்மிணி. இன்னும் எத்தன நாளைக்குப் பாக்கறது?" என்று கேட்டிருந்தார். அவரும் கெட்ட மனுஷன் இல்லை, பாவம்.

நல்லம்மாளின் மனசில் தைத்த முள் வேறு. காளியண்ணன் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறும்போது, அவசரத்தில் "போறேன்" என்று சொல்லிவிட்டான். நம் பக்கத்தில் படியிறங்குகிற எவனாவது அப்படிச் சொல்வானா? "வாரேன்னு சொல்லுங்க!" என்று அவள் பஸ்ஸோடு ஓடிக்கொண்டே கத்தினாள். புகையைக் கக்கிக்கொண்டு பஸ் போய்விட்டது. அவன் சொன்னானோ இல்லையோ, அவள் காதில் விழவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் ஆளை விழுங்கிவிட்டது என்று நாலு வருஷமாக அவளுக்கு நினைப்பு.

உறைக்குள் கடிதம் எதுவும் இல்லை. படம் போட்ட புஸ்தகம் ஒன்றுதான் இருந்தது. ஆஸ்திரேலியா தேசத்தில் வாட்டில் கிரீக் என்று ஒரு சின்ன ஊராம். ஊர் பிறந்து எண்பது வருஷம் ஆன கொண்டாட்டத்துக்கு அச்சடித்தது. "இது என்னத்துக்கு நமக்கு?" என்று வாத்தியார் தாளைப் புரட்டினார். கடைசிப் பக்கத்துக்கு முந்தின படத்தில், மரங்கள் நின்ற ஒரு மேட்டின் மேல், யாரோ மையால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

பக்கத்தில் நின்ற நல்லம்மாள் அதைப் பார்த்ததும் வீலென்று கத்திவிட்டாள்.

"ஐயோ சாமி! இது எங்கூட்டுக்காரரு கீறலுங்க!"

கையெழுத்துத் தெரியாதவர்கள் பத்திரத்தில் பெருக்கல் குறி போட, எழுதுகிறவர் பக்கத்திலேயே 'இன்னார் கீறல்' என்று எழுதி வைப்பது வழக்கம். காளியண்ணனும் கீறல் பேர்வழிதான்.

"வலதுகாலு நீண்டிருக்குது பாருங்க. மோட்டாங்காட்டுப் பத்திரத்துல இப்பிடித்தான் கீறுனாரு. நா உசுரோட இந்த எடத்துல இருக்கறேன்னு கீறிக் காட்டியிருக்கறாருங்க. இது என்ன எடமுங்க வாத்தியாரே?"

படத்தின் கீழே 'செமிட்டரி' என்று இருந்தது. வாத்தியார் அந்த வார்த்தையைக் கண்டதே இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாத்தியாராச்சே, சொல்வாரா?

"ஏதோ தோட்டமாட்டம் இருக்குது அம்மிணி."

மறுநாள் மல்லசமுத்திரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் அகராதியைப் புரட்டினார். இடுகாடு என்றிருந்தது. உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் திரும்பி வந்தார். வந்து பார்த்தால், நல்லம்மாள் தெருவெல்லாம் வெல்லம் கொடுத்துக்கொண்டிருந்தாள். காரியத்தை நிறுத்தியாயிற்று என்று சரவணமுத்துவே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் எந்த வாயால் சொல்வது?

அன்று தொட்டு, புதன்கிழமைச் சந்தைக்குப் போகிற நல்லம்மாள் கூடையோடு பள்ளிக்கூடத்துப் படியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். "எங்கூட்டுக்காரரு ஊரப் படிங்க."

அவரும் படிப்பார். ஆடு மேய்த்த ஒருவன் ஓடையில் தங்கம் கண்டானாம். பத்தாயிரம் பேர் வந்து தோண்டினார்களாம். பன்னிரண்டே வருஷத்தில் தங்கம் தீர்ந்து, கூட்டம் கலைந்து, மிச்சப்பட்டவர்கள் கோதுமை போட்டு ஆடு வளர்த்தார்களாம். ஓடைக்குக் கல்பாலம் உண்டு. தபாலாபீஸ் கோபுரத்தில் ஒரு கடிகாரம், எத்தனை முறை பழுதுபார்த்தும் பத்து நிமிஷம் பிந்தியே ஓடுகிறதாம். ஏழு ஆள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம் ஒன்று நிற்கிறதாம். வருஷத்துக்கொரு தரம் ஆட்டு ரோமம் கத்திரிக்கிற போட்டி நடக்கிறதாம்.

"ஆட்டு மசுரையா விக்கறாங்க? நம்ம பட்டி ஆட்டுல கத்திரிக்கறதுக்கு என்னங்க இருக்குது!" என்று அவள் சிரிப்பாள். அவள் சிரித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வாட்டில் கிரீக் அவள் வாயில் வாட்டல்கீரை ஆகி, ஊருக்கே வாட்டல்கீரை ஆகிவிட்டது. ஆடி மாதம் அங்கே குளிர்காலம் என்று படித்த அன்றைக்கு மட்டும் அவள் முகம் வாடிப்போயிற்று. "அவருக்குச் சளி தாங்காதுங்களே" என்றாள்.

எழுந்துபோகுமுன் அந்தப் படத்தை ஒருதரம் கேட்டு வாங்கிப் பார்ப்பாள். "தோட்டத்துல என்னங்க வெச்சிருக்கறாங்க?" பூச்செடி என்பார் வாத்தியார். தண்ணீர் வசதி உண்டா என்பாள். உண்டு என்பார். ஒவ்வொரு புதனும் அவருக்குச் சோறு இறங்காது. "அப்ப நா வாரேனுங்க வாத்தியாரே" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் போவாள்.

ஆடி கடைசியில் கடிதம் வந்தது. மாசியிலேயே வந்திருக்க வேண்டியது. எந்த ஆபீசில் கிடந்து தூங்கியதோ, உறை முழுக்க முத்திரை. வாத்தியார் அகராதியைக் கடன் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் முட்டி மோதிப் படித்தார். புதன்கிழமை நல்லம்மாள் படியில் உட்கார்ந்ததும், புஸ்தகத்தை எடுக்காமல் கடிதத்தை எடுத்தார்.

"அம்மிணி, அந்த ஊரு ஆஸ்பத்திரி நர்சு எழுதியிருக்கறா. சண்டை முடிஞ்சதும் ஜப்பான்காரங்கிட்டயிருந்து மீட்டு, கப்பல்ல அங்க கொண்டுபோயிருக்கறாங்க. எலும்புந்தோலுமா இருந்தாராம். நிமோனியா ஜுரம். கார்த்திகையிலயே..." கடிதத்தை மடியில் தாழ்த்தினார்.

நல்லம்மாள் புஸ்தகத்தின் பக்கம் விரலை நீட்டினாள். "அப்ப அந்தக் கீறலு?"

"நர்சு போட்டது. அவரப் பொதைச்ச எடம் தெரியட்டும்னு போட்டிருக்கறா."

"அவரு கை இல்லீங்களா?"

"இல்ல அம்மிணி."

"தோட்டம்னீங்க?"

"தப்பாச் சொல்லீட்டேன். மறுநாளே தெரிஞ்சுபோச்சு. சொல்ல மனசு வல்லே."

"அடப்பாவி மனுசா! ஆறு மாசமா இடுகாட்டுக்கா பூச்செடி வெச்சுக் காட்டுனீங்க?" அவள் கூடையைத் தள்ளிவிட்டாள். தக்காளியெல்லாம் படியில் உருண்டது. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணீர் கடிதத்தின்மேல் விழுந்தது. அவர் துடைக்கவும் இல்லை.

"மிச்சத்தையும் படிங்க" என்றாள் அவள். "ஒண்ணையும் முழுங்காமப் படிங்க."

வாத்தியார் தட்டுத்தடுமாறிப் படித்தார். "அவர் பேசியது எங்களில் யாருக்கும் புரியவில்லை. கடைசி மூன்று நாளும் கதவைப் பார்த்து ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாரன், வாரன் என்றார். அது அவருடைய மனைவியாகவோ பிள்ளையாகவோ இருக்கும் என்று நினைக்கிறேன். வாரன் யாராயிருந்தாலும், கடைசி மூச்சுவரை அவர் கூப்பிட்டார் என்று தயவுசெய்து சொல்லுங்கள்."

வாத்தியார் நிமிர்ந்தார். "வாரன்னு உங்க ஊட்டுல ஆராச்சும்..."

"அப்பிடி ஆரும் இல்லீங்களே" என்றவள், சட்டென்று நிறுத்தினாள். உதடு மட்டும் அசைந்து அசைந்து சொல்லிப் பார்த்தது. அப்புறம் இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டாள்.

"அது பேரு இல்லீங்க வாத்தியாரே! வாரேன்னு சொல்லியிருக்கறாரு. என்ற சாமி, வாரேன்னு சொல்லியிருக்கறாருங்க! மூணு நாளுமா சொன்னாரு?"

"மூணு நாளும், அம்மிணி."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்க்க, அவள் அங்கேயே உட்கார்ந்து, நாலரை வருஷ அழுகையையும் அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள். புஸ்தகத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. நல்லம்மாளும் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.