மாமியார் அறையில் சர்வர்

வீடு முழுக்க நெட்வொர்க் இழுக்கும் குந்தோரோவின் திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. கூடத்தில் ஒரு ஸ்விட்ச், மாடியில் இன்னொன்று, கேபிள் முழுக்கக் கூரைக்குள்ளே. குடும்பப் படங்கள், வாசல் கேமராப் பதிவுகள், மனைவி ரத்ரியின் தையல் வகுப்பு வீடியோக்கள் எல்லாவற்றையும் வீட்டிலேயே சேமித்துவைக்க, மூடிப்போன ஓர் அலுவலகத்திலிருந்து பழைய சர்வர் ஒன்றையும் வாங்கிவந்துவிட்டான். அதைக் கூடத்தில் வைத்து ஓடவிட்டதும் ரத்ரி கரண்டியோடு வந்து நின்றாள்.

"மாஸ்" என்று கணவனைக் கூப்பிட்டாள். "கூடத்துல என்னத்த அரைக்கிறீங்க?"

"அரைக்கல. சர்வர்."

"எப்ப நிக்கும்?"

"நிக்கவே கூடாது. அதுக்குத்தான் வாங்கினது."

மதியத்துக்குள் அது தானாகவே நின்றுவிட்டது. சுராபாயா வெயிலில் கூடம் கொதித்தது. சூடு தாங்காமல் அணைந்துபோனது. வீட்டில் ஏசி இருந்த ஒரே அறை மாமியார் சுமிராவுடையது. போன வருஷம் மாமனார் இறந்ததிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை. விடியுமுன்பே எழுந்து, பெருக்கிய முற்றத்தையே மறுபடி பெருக்கிக்கொண்டிருப்பார். அவரிடம் போய் எப்படிக் கேட்பது?

"நீ கேளேன்" என்றான் ரத்ரியிடம்.

"உங்க சர்வரு, நீங்களே கேளுங்க."

கேட்டான். சுமிரா அந்த இரும்புப் பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இதுக்கும் வேர்க்குமா?"

"ஆமா, இபு. கொஞ்சம் சத்தமும் போடும்."

"சரி, வை. நான் எங்க தூங்குறேன், அது கெடுக்கிறதுக்கு?"

மறுநாள் முற்றம் பெருக்கும் சத்தம் கேட்கவில்லை. வெயில் ஏறியும் அறைக்கதவு திறக்கவில்லை. ரத்ரி பதறிப்போய்த் தள்ளித் திறந்தாள். சர்வர் இரைந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே சுமிரா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். உலுக்கி எழுப்பியதற்குக் கோபித்துக்கொண்டார்.

"உங்கப்பா குறட்டையேதான்டி" என்றார். "திடீர்னு ஏறும், அப்புறம் தானா இறங்கும். காலால ஒரு எத்து விடணும்னுகூடத் தோணுச்சு."

ரத்ரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சர்வருக்குள் இருக்கும் விசிறியின் வேகம் ஏன் ஏறி இறங்குகிறது என்று விளக்கத்தான் குந்தோரோ வாயெடுத்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

ஆனாலும் வயசானவர் அறையில் இப்படியோர் இரைச்சலா என்று அவன் மனசு கேட்கவில்லை. சத்தமே வராத விசிறிகளைத் தேடிப்பிடித்து வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றிப்போட்டான். சர்வர் ஓடுவதே தெரியவில்லை. அவனுக்கே பெருமையாக இருந்தது.

திங்களன்று சுமிராவின் கண்கள் சிவந்திருந்தன. முன்னால் வைத்த ரவோன் சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணித் தொலைச்ச அதை?"

"சத்தத்தைக் குறைச்சேன், இபு. உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு..."

"தொந்தரவுன்னு நான் உங்கிட்ட வந்து சொன்னேனா?"

அவன் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் பழைய விசிறிகளையே திரும்ப மாட்டினான். சுமிரா கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்து."

"தேவையில்ல இபு, இதுவே போதும்."

"உனக்கு என்ன தெரியும்? நீயா அவர்கூடப் படுத்த?"

குந்தோரோ மடிக்கணினியைத் திறந்து வேகத்தை ஏற்றினான். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

"ஆங்" என்றார் சுமிரா. சர்வருக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டார்.