அத்தை மூச்சைப் பிடிக்க வேண்டும்

...அதுவும் பெற்ற அப்பனிடம், அதுவும் ஒரு பெயின்டரையும் ஒரு மெக்கானிக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஷெட்டின் தகரக் கூரை அதிரும்படி, "நான் ரவுண்ட்ஸ் போயிட்டு வர்றதுக்குள்ள மீட்டர் முள்ளு நிக்கணும்ப்பா, நிக்கலன்னா பம்ப்பக் கழட்டிர வேண்டியதுதான், சரியா?" என்று கத்திவிட்டுப் போகிறாள், சரியாவாம், எது சரி, தோளில் பட்டை ஏறினால் தொண்டையும் கூடவே ஏறிவிடுமா என்ன, பிறந்தபோது அழுகிறதா கொட்டாவி விடுகிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்த பிள்ளை, இன்றைக்கு இந்தத் தீயணைப்பு நிலையத்துக்கே அதிகாரி, ஊரெல்லாம் மேடம் மேடம் என்கிறது, என்னால் முடியாது, நான் குளிப்பாட்டிய பிள்ளையை நான் எப்படி மேடம் என்பேன் என்று பம்ப்புக்காரர் ஸ்பானரைத் தரையில் எறிந்தார், எறிந்த ஸ்பானர் உருண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டது, எடுக்கக் குனிய வேண்டும், முட்டி ஒத்துக்கொள்ளாது, அந்தக் கோபமும் மகள் கணக்கிலேயே ஏறியது. பம்ப்புக்காரர் என்பது அவருடைய பெயரல்ல, ஆனால் வேலையில் இருந்த காலம் முழுவதும் இந்த வண்டியின் பம்ப்பை அவர்தான் இயக்கினார், ஓய்வு பெற்ற பிறகும் பெயர் ஓய்வு பெறவில்லை. வண்டிக்கும் பெயர் உண்டு, அத்தை. யார் வைத்தது என்று தெரியாது, பொருத்தமான பெயர்தான், கூப்பிட்டால்தான் வருவாள், வரும்போதே மணியடித்துத் தெருவைக் கூட்டிவிடுவாள், வந்தபின் எல்லோர் சாமான்களையும் நனைத்துவிட்டுத்தான் போவாள்.

இப்போது அத்தைக்குத் துரு சுரண்டி, டிங்கரிங் பார்த்து, புதுச் சிவப்பு அடித்து, மணியைத் துலக்கி, நிலையத்தின் வாசலில் நிறுத்தப் போகிறார்கள், நல்லது, வேண்டாம் என்று யார் சொன்னது, ஆனால் பம்ப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெஞ்சு போடுவார்களாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து போட்டோ பிடித்துக்கொள்ளுமாம், தண்ணீர் அடிக்காத வண்டிக்குச் சிவப்பு எதற்கு, அதற்குப் பெயர் மினி பஸ், கண்டக்டரையும் போட்டுவிட வேண்டியதுதானே... இதைச் சொன்னதற்கு மகள் நேற்றுச் சாப்பாட்டு மேசையில் பதில் வைத்திருந்தாள், அதுவும் கத்தல்தான், "காத்துப் புகுந்த பம்ப்ப வச்சுக்கிட்டு என்னப்பா செய்யறது, வேலை செய்யுதுன்னு காட்டுங்க, திறப்பு விழா அன்னிக்கு நீங்களே தண்ணி அடிங்க", பேச்சு நியாயம்தான், ஆனால் நியாயத்தை ஏன் எதிர்வீட்டுக்காரனுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும், மனைவி வேறு பக்கத்திலிருந்து, "அதான் சொல்றாள்ல, காட்டுங்களேன்" என்று அதே சத்தத்தில், தாயும் மகளும் சேர்ந்தால் சந்தையில் ஏலம் விடலாம். எத்தனை தீ, எத்தனை கிடங்கு, ஒருமுறை நூல் ஆலை எரிந்தபோது ஒரு குளத்தையே அத்தை உறிஞ்சிவிட்டாள், குளத்தில் இருந்த தவளை ஒன்று ஹோஸ் வழியாகவே போய் இரண்டாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்துகொண்டது, தீ அணைந்த பிறகும் இறங்கவில்லை, அங்கேயே குடும்பம் நடத்தியது, இன்றைக்கும் மழை வந்தால் அந்த மாடியில் தவளை கத்துகிறது, இதை நம்பாதவர்களைப் பம்ப்புக்காரர் வற்புறுத்துவதில்லை, போய்க் கேட்டுப் பாருங்கள் என்பதோடு சரி. அப்படிப்பட்ட பம்ப்புக்கு இன்று பரீட்சை, வாத்தியார் என் மகள்.

பரீட்சை பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை, பம்ப்பின் வாயை மூடியால் இறுக்கி மூட வேண்டும், எஞ்சினை ஓட்டி உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும், பிறகு எஞ்சினை நிறுத்த வேண்டும், கண்ணாடிக்குள் இருக்கிற முள் இறங்கின இடத்திலேயே நின்றால் அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம், முள் பழைய இடத்துக்கே திரும்பினால் எங்கோ ஒரு பொத்தல், அதன் வழியே காற்று உள்ளே போகிறது, அவ்வளவுதான். காலையில் முதல் தடவை ஓட்டியபோதே முள் திரும்பிவிட்டது, வெட்கமே இல்லாமல், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன் மாதிரி. வாஷர்தான், வேறென்ன, இந்தக் காலத்து ரப்பர், நாய் வாயில் போட்டாலும் துப்பிவிடும், வாஷரை மாற்று. மாற்றியாயிற்று, மூடியாயிற்று, "ஓட்டுப்பா", மெக்கானிக் ஓட்டினான், "நிறுத்துப்பா", நிறுத்தினான், முள் மறுபடியும் கிளம்பிவிட்டது. மெக்கானிக் ஓட்டுநர் இருக்கையிலிருந்து தலையை நீட்டி, "ஏதோ சத்தம் வர்ற மாதிரி இருக்குங்கய்யா" என்றான், "இந்த வண்டில சத்தம் வரலன்னாதான் பயப்படணும், நீ சாவியப் பிடி" என்றார் இவர், பெயின்டர் சிரித்தான், எதற்குச் சிரிக்கிறான், அவன் குரலும் கொசுக் குரல், ஏதோ சொல்கிறான், பிரஷ்ஷை வேறு கீழே கீழே காட்டுகிறான், கீழே என்ன, அடிப்பாகத்துக்குப் பெயின்ட் போதவில்லை என்பான், ஒரு டப்பா கூடக் கேட்பான், தெரியாதா, "நீ உன் பெயின்ட்டப் பாரு, நான் என் பம்ப்பப் பாக்கறேன்".

பொத்தலைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், காது போதும், அடுத்த தடவை எஞ்சின் நின்றதும் பம்ப்புக்காரர் கண்ணை மூடி ஒவ்வொரு இணைப்பாகக் காதை வைத்துக் கேட்டார், வாய் மூடியில் ஒன்றுமில்லை, அச்சு நுழைகிற இடத்தில் ஒன்றுமில்லை, வால்வுகளில் ஒன்றுமில்லை, இவ்வளவு நிசப்தமான பம்ப்பை அவர் வாழ்க்கையிலேயே பார்த்ததில்லை, ஆகவே பொத்தல் இல்லை, ஆனால் முள் திரும்புகிறது, ஆகவே முள்தான் பொய் சொல்கிறது, கண்ணாடியைத் தட்டினார், முள் அசையாமல் பொய்யிலேயே நின்றது. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு இவர் பாடம் நடத்திய விதத்தைக் கேட்டால் இவர்கள் வாயடைத்துப் போவார்கள், பம்ப்பின் அடிவயிற்றில் ஒரு குட்டிக் குழாய் உண்டு, மிச்சத் தண்ணீரை வடிய விடுவதற்கு, டிரெயின் காக் என்பார்கள், அதை வேண்டுமென்றே ஒரு இழை திறந்து வைத்துவிட்டு வரிசையாக நிற்க வைப்பார், கேளுங்கடா, எங்க காத்துப் புகுதுன்னு சொல்லுங்கடா, சொல்லாதவன் ஹோஸைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்ற வேண்டும், "உங்க வீட்டுப் பானைக்கெல்லாம் அடி இருக்கா இல்லையாடா" என்று கேட்பார், ஒருநாள் அத்தனை தடியன்களும் முழித்துக்கொண்டு நிற்கையில், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், பையைக்கூட இறக்காமல், "அப்பா, அத்தை வயித்துல பாம்புப்பா, சீறுது" என்று நேராக அந்தக் குழாயைக் காட்டினாள், அன்றைக்கு அவளைத் தோளில் தூக்கிவைத்து நிலையத்தையே சுற்றி வந்தார், அந்தக் காது, அந்தக் காதுள்ள பிள்ளை, இன்றைக்கு இவருக்கே கெடு வைக்கிறது.

காது என்றதும் சட்டைப்பையில் அந்தச் சனியன் இருப்பது ஞாபகம் வந்தது, கைக்குட்டையில் சுருட்டி, மனைவியின் வேலை, எங்கே ஒளித்து வைத்தாலும் மறுநாள் பைக்குள் வந்துவிடும், கடலை மிட்டாய் மாதிரி ஒரு மெஷின், காதில் சொருகிக்கொள்ள வேண்டுமாம். காது டாக்டர் சொன்னாராம், பெரிய சத்தமெல்லாம் கேட்கும், மெல்லிசான சத்தம் மட்டும் போய்விட்டது, பம்ப் பக்கத்திலேயே நின்றதால் வந்த வினை என்று, அத்தைமேல் பழி போடுகிற ஆளிடம் எனக்கு என்ன பேச்சு, இடி கேட்கிறது, மனைவி கேட்கிறது, வேறென்ன கேட்க வேண்டும். எல்லாம் அந்தக் கெட்டிலில் ஆரம்பித்தது, மகள் வாங்கி வந்த விசில் கெட்டில், தண்ணீர் கொதித்தால் விசில் அடிக்குமாம், அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே காத்திருந்தார், தண்ணீர் வற்றி, கெட்டில் கருகி, அடி கழன்று விழுந்தது, விசில் மட்டும் வரவில்லை, ஓட்டைச் சரக்கு. புதிது கேட்டுக் கடைக்குப் போனார், கடைக்காரன் இன்னொரு கெட்டிலில் தண்ணீர் ஊற்றி எல்லோர் முன்னாலும் கொதிக்க வைத்தான், அதுவும் கப்சிப், ஆனால் கடையில் நின்றவர்கள் அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள், என்ன நடிப்பு, ஒரு பெண்மணி குழந்தையின் காதைக்கூடப் பொத்தினாள், இவ்வளவு பேரை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறான் என்றால் அந்தக் கடைக்காரன் சாதாரண ஆளில்லை என்று பம்ப்புக்காரர் அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை, மறுக்க என்ன இருக்கிறது, ஆனால் அதற்குப் பிறகுதான் வீட்டில் எல்லோரும் கத்த ஆரம்பித்தார்கள்... அதற்குப் பிறகா, அதற்கு முன்பா... முன்பு என்றால்... சரி, இப்போது அது எதற்கு, ஓட்டுப்பா.

எஞ்சின் முழங்கியது, அத்தையின் குரல் நெஞ்செலும்பில் வந்து உட்கார்ந்தது, இது கேட்கிறது பார், நன்றாகக் கேட்கிறது, காது போய்விட்டது என்கிறவன் இங்கே வந்து நிற்கட்டும், முள் இறங்கியது, இறங்கு, இறங்கு என் தாயே, இந்தத் தடவை நின்றுவிடு, உன்னைப் பெஞ்சாக்கப் பார்க்கிறார்கள், வாயில்லா ஜீவன் என்று நினைத்துவிட்டார்கள், அப்போது கண்ணாடியில் காக்கி நிறம் தெரிந்தது, பின்னால் வந்து நிற்கிறாள், நினைத்த நேரத்துக்கு முன்பே, அப்பன் தோற்பதைப் பார்க்க அவ்வளவு அவசரம், திரும்ப மாட்டேன், முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன், "நிறுத்துப்பா!", எஞ்சின் நின்றது, முள் கிளம்பியது, பழைய வழக்கப்படி, மெதுவாக, போ, நீயும் போ, நீயும் அவள் கட்சிதான்... பாதி வழியில் முள் நின்றது. நின்றேவிட்டது. பம்ப்புக்காரர் மூச்சு விடவில்லை, முள்ளும் அசையவில்லை, கண்ணாடியைத் தட்டினார், அசையவில்லை, கையால் பம்ப்பையே ஓங்கி அறைந்தார், அசையவில்லை, "பாத்தியா! பாத்தியா! பெஞ்சு போடறாளாம் பெஞ்சு!" என்று திரும்பினார்.

மகள் குனிந்த இடத்திலிருந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள், வண்டிக்கு அடியிலிருந்து, விரலில் துருவும் ஈரமும், கைக்குட்டையில் துடைத்தாள், அவள் பின்னால் அந்தக் குட்டிக் குழாய், காலையில் மிச்சத் தண்ணீரை வடிய விட இவர்தானே திறந்தார், பிறகு மூடினாரே, மூடினார்தானே, இப்போது கைப்பிடி குறுக்காகக் கிடக்கிறது, இறுக்க மூடி, பெயின்டர் பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்தபடி கூரையைப் பார்க்கிறான், கீழே கீழே என்று காட்டினானே. பம்ப் வேண்டாம் என்று நினைக்கிறவள் குனியாமல் சும்மா நின்றிருந்தாலே போதும், முள் போயிருக்கும், பம்ப்பும் போயிருக்கும். "நின்னுருச்சுப்பா! நீங்க ஜெயிச்சுட்டீங்க! பம்ப் இருக்கட்டும்!" என்று தகரம் அதிரக் கத்தினாள், கத்திவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள், உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை, ரகசியம், அப்பன் எதிரிலேயே ரகசியம், என்ன திமிர், என்று கோபம் வழக்கமான இடத்துக்கு ஏறப் போகையில், வண்டியின் அந்தக் கோடியில், ஓட்டுநர் இருக்கையில், இவரைவிட எட்டத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் தலையை நீட்டி, "சரிங்க மேடம், இன்னொரு வாட்டி ஓட்டிப் பாத்துருவோம்" என்றான். அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்கிறது. அப்படியானால் அது ரகசியமில்லை. அவள் சும்மா பேசியிருக்கிறாள், மற்றவர்களிடம் பேசுகிற குரலில்... அவளுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறதா, எப்படி இருக்கும் அது, பாம்பு சீறுது என்று சொன்ன குரலா, வேறா, பெரியவளாகி மாறியிருக்குமே... "என்னம்மா சொன்ன?" என்று கேட்டார், தன் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்றும் அவருக்குத் தெரியவில்லை, பெயின்டர் திடுக்கிட்டுத் திரும்பியதை மட்டும் பார்த்தார். மகள் அவர் பக்கம் திரும்பினாள். முதலில் காலைச் சற்று அகட்டி ஊன்றினாள், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள், பட்டை தைத்த தோள்கள் இரண்டும் உயர்ந்தன, கழுத்து நரம்பு புடைத்தது, ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா, காலையிலும், நேற்றுச் சாப்பிடும்போதும், இத்தனை நாளும்... என்று பம்ப்புக்காரர் முதன்முறையாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், கை சட்டைப்பைக்குப் போய் அங்கேயே இருந்தது.