நானே நின்னுட்டேன்

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அவளுக்கு இரண்டு தடவை வேலை போய்விட்டது. ஒரு தடவை முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்றுவிட்டார். மூன்றையும் சொன்னது அவள் வாய். நடந்தது வேறு யார் யாருக்கோ. பிழைக்க வந்த அந்த நாட்டில் தொழிலாளர் அலுவலகத்துக்கு மொழிபெயர்க்க வருகிறவர்கள் அப்படித்தான் பேச வேண்டும். 'இவருக்கு வேலை போயிடுச்சாம்' என்று அதிகாரியிடம் சொல்லக் கூடாது. 'எனக்கு வேலை போய்விட்டது' என்றே சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, அறைக்குள் யார் எதை முணுமுணுத்தாலும் ஒன்று விடாமல் சொல்லியாக வேண்டும். அவள் வீட்டுக்காரர் அவளுக்கு 'வாடகை வாய்' என்று பேர் வைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். இப்போது சிரிக்கத் தெம்பு கிடையாது.

வெளியே காத்திருக்கும் கூடத்தைத் தாண்டிப் போவதுதான் அவளுக்குப் பெரிய பாடு. தமிழ் முகம் என்று தெரிந்ததும் பிடித்துக்கொள்வார்கள். அம்மா, பாஸ்போர்ட்டை முதலாளி வச்சுக்கலாமா? வேலை போனா அன்னிக்கே ஊருக்குப் போயிடணுமா? புகார் குடுத்தா நம்மளையே திருப்பி அனுப்பிடுவாங்களாமே, நெசமா? பதில் எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. ஆலோசனை சொன்னால் அடுத்த நாளிலிருந்து அவளைக் கூப்பிட மாட்டார்கள். "உள்ள அதிகாரிகிட்ட கேளுங்கண்ணே, நான் சொல்லக் கூடாது" என்பாள். "ரெண்டு வார்த்தை சொன்னா முத்து உதிர்ந்திடுமா?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்கும்.

அவள் சொல்லாவிட்டால் என்ன, அந்தக் கூடத்தில் வக்கீல்களுக்கா பஞ்சம்! கால் மேல் கால் போட்டுக்கொண்டு ஆளாளுக்குச் சட்டம் பேசுவார்கள். அன்றைக்கு ஒரு லாரி ஓட்டுநர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

"நிறுத்திட்டாங்கன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. நம்ம மேல தப்புன்னு எழுதிப்புடுவான். நானே விட்டுட்டேன்னு கெத்தா சொல்லுங்க. அப்பதான் மதிப்பான்."

பக்கத்து நாற்காலிக்காரர் பள்ளிப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். அவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பாவி மனுஷா, உன் யோசனையைத் தூக்கிக் குப்பையில் போடு என்று மொழிபெயர்ப்பாளருக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்ததாகக் கூப்பிட்டது அந்தத் தம்பதியைத்தான்.

புருஷன்காரர் ஒரு பெரிய லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர். ஹோட்டல்களின் படுக்கை விரிப்பும் மேஜைத் துணியும் மூட்டை மூட்டையாக வரும் இடம். அன்றைக்குப் போட்டு வந்த சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. கைமடிப்பு கூடக் கத்தி போல நின்றது. வலது கையில் மட்டும் மணிக்கட்டிலிருந்து விரல் வரை தோல் சிவந்து, உரிந்து, பளபளவென்று இருந்தது. மனைவி பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறாள். ஒரே பெண், படிக்கிறது.

அதிகாரிக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துத் துடைத்து அதுவும் இஸ்திரிக்காரரின் கை நிறத்துக்கு வந்திருந்தது. கெட்ட மனுஷர் இல்லை. நாள் முழுக்க இதே கதைகளைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் அலுத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். மனைவி உட்காரலாம், ஆனால் கேள்வி அவளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

"இவராகவே வேலையை விட்டுப் போனார் என்று லாண்டரியிலிருந்து தகவல் வந்திருக்கிறது. அது சரியா? அவர்களாக நிறுத்தினார்களா?"

மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டாள். அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. நிறுத்தினார்கள் என்றால், வேறு வேலை தேடிக்கொள்ள அந்த நாட்டுச் சட்டம் சில மாதம் தங்க விடும். நானாக விட்டேன் என்றால் வேலையோடு தங்கும் அனுமதியும் போச்சு. அவர் அனுமதியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மனைவிக்கும் போச்சு, பெண்ணின் படிப்பும் போச்சு. மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

இஸ்திரிக்காரர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"நானே நின்னுட்டேன். எனக்கு அந்த இடம் ஒத்து வரல."

ஐயோ சாமி, என்று மொழிபெயர்ப்பாளர் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள். நம்ம ஆம்பளைகளில் ஒருத்தனுக்காவது இதுவரை வீட்டாருக்கு முன்னால் வேலை போயிருக்கிறதா? கிடையாது. எல்லாரும் தானாக நின்றவர்கள். முதலாளி மூஞ்சியில் விட்டெறிந்துவிட்டு வந்தவர்கள். அவள் கூடப் பிறந்த அண்ணனே வருஷக்கணக்கில் வீட்டில் குந்திக்கொண்டு 'வேணாம்னு வந்துட்டேன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

அவளுக்கு ஒரே ஒரு சந்து இருந்தது. ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் வருமானால், விளக்கம் கேட்க அனுமதி கேட்கலாம். 'வேலையிலிருந்து நின்னுட்டார்' என்று நிறுத்தப்பட்டவனையும்தான் சொல்கிறோம். அதிகாரியிடம் அதைச் சொன்னாள். கேளுங்கள் என்று கையைக் காட்டினார்.

"அண்ணே, நீங்களா நின்னீங்களா, அவங்க நிறுத்தினாங்களா? ரெண்டுல எதுன்னு தெளிவா சொல்லுங்க."

'தெளிவா' என்பதைக் கொஞ்சம் அழுத்தினாள். அதற்கு மேல் அழுத்தினால் அவள் வேலைக்கு ஆபத்து. அந்த மனுஷருக்கு அழுத்தம் புரிந்தது. அர்த்தம்தான் தலைகீழாகப் புரிந்தது.

"என்னம்மா இது, என்னைப் போய் நிறுத்துவானா? அந்த மெஷினை என் அளவுக்கு ஓட்ட அங்க யாரு இருக்கா? நானேதான் நின்னேன்."

போச்சு. இனி சொல்லாமல் இருக்க முடியாது. மூச்சை இழுத்துக்கொண்டு அதிகாரி பக்கம் திரும்பினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மனைவி பேசிவிட்டாள். அதிகாரியிடம் இல்லை, புருஷனிடம். குரலை உயர்த்தாமல், வீட்டில் பேசுகிற மாதிரி.

"போதுங்க. அவங்க உங்களை நிறுத்தினது எனக்கு அன்னிக்கே தெரியும்."

இஸ்திரிக்காரர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"வேலையை விட்டெறிஞ்சுட்டு வந்தவர் எதுக்கு மறுநாள் காலையில அதே நேரத்துக்குக் கெளம்பினீங்க? வேற எடம் பாக்கப் போறேன்னீங்க. நான் பஸ்ஸுல போறப்ப பாத்தேன். லாண்டரி கேட்டுக்கு வெளிய, வாட்ச்மேன்கிட்ட கையைக் கட்டிக்கிட்டு நின்னீங்க. அதுக்கு அடுத்த நாளும் பாத்தேன். அதுக்கப்புறம் அந்த எடம் வந்தா நான் ஜன்னல் பக்கம் திரும்புறதில்ல."

"நீ சும்மா இரு," என்றார் இஸ்திரிக்காரர். சத்தமே வரவில்லை.

"இவ்வளவு நாள் சும்மாதான் இருந்தேன். என்கூடப் பாத்திரம் கழுவுற அம்மா வீட்டுலயும் இதேதான் ஆச்சு. நிறுத்தினாத்தான் இருக்க விடுவாங்களாம், நாமளா விட்டா கெளம்பணுமாம். அதை உங்ககிட்ட சொல்லணும்னா எனக்கு எல்லாம் தெரியும்னு சொல்லணும். எப்படிங்க சொல்லுவேன்? இன்னிக்கு இங்க வந்து நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். பாப்பாவை நெனச்சுப் பாருங்க."

அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அறைக்குள் பேசியதெல்லாம் சொல்லியாக வேண்டும். சொன்னாள். ஒரு மனைவி புருஷனிடம் படுக்கையறையில் கூடச் சொல்லத் துணியாததை, அவள் 'நான்' என்று ஆரம்பித்து ஒரு அந்நிய ஆளிடம் வரிசையாகச் சொன்னாள். நான் பார்த்தேன். நான் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். முகம் இறுகிப் போயிருந்தது.

"நிறுத்தினால்தான் தங்கலாம் என்று தெரிந்ததும் கதையை மாற்றுகிறார்களா?"

அதையும் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னாள். மனைவியின் கை கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டது.

"மனைவி சொன்னது எனக்கு வேண்டாம். கடைசி நாளில் என்ன நடந்தது, கேட்டில் எதற்கு நின்றார், இவர் வாயால் சொல்லட்டும்."

இஸ்திரிக்காரர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீங்களே சொல்லிடுங்களேம்மா. எனக்கு வாய் வரல."

"நீங்க சொன்னாத்தாண்ணே நான் சொல்ல முடியும்."

அதையும்கூட அதிகாரிக்கு மொழிபெயர்த்தாள். என்ன பிழைப்பு இது என்று இருந்தது.

கடைசியில் இஸ்திரிக்காரர் ஆரம்பித்தார். மெஷினில் நீராவி கசிந்து கையை வேகவைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றதற்கு, சாயங்காலம் போ என்றார் சூப்பர்வைசர். துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார். கை ஓடவில்லை, விரிப்புகள் சுருக்கம் சுருக்கமாக விழுந்தன. எல்லாருக்கும் முன்னால் சூப்பர்வைசர் இவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை அவிழ்த்து வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வராதே என்றார்.

"எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் சொல்லிக்கொடுத்த பசங்க."

"கேட்டில்?"

"உள்ள போய் சூப்பர்வைசரைப் பாக்கணும், விடுங்கன்னேன். வாட்ச்மேன் விடல. அட்டை இல்லாம விட முடியாதுன்னான்."

"அப்புறம்?"

இஸ்திரிக்காரர் மனைவி பக்கம் பார்க்கவே இல்லை. எதிர்ச் சுவரில் என்னத்தையோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கெஞ்சினேன். தெனம் போய்க் கெஞ்சினேன். தரை கூட்டுறதுன்னாலும் பரவால்ல, எடுத்துக்கோங்கன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லச் சொன்னேன். கடைசில அவன்தான், நாளைக்கு வராதீங்க பெரியவரே, பாக்கவே கஷ்டமா இருக்குன்னான். என்னை நிறுத்திட்டாங்க. அவ்வளவுதான்."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னாள். 'கெஞ்சினேன்' முதல் கடைசி வரி வரை.

அதிகாரி தொலைபேசியை எடுத்து லாண்டரியின் கேட்டுக்குப் போட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வாட்ச்மேனுக்கு அவரை நன்றாக ஞாபகம் இருந்தது. கையில் கட்டுப் போட்டவர்தானே, பாவம், அவருக்கு வேலை கிடைத்ததா என்று அவன் திருப்பிக் கேட்டானாம். அதிகாரி தொலைபேசியை வைத்தார்.

"தானாக விட்டுப்போனவன் வாசலில் போய்த் தினம் நிற்க மாட்டான். நிறுத்தப்பட்டார் என்றே பதிகிறேன். தங்கலாம், அவகாசத்துக்குள் வேறு வேலை தேடிக்கொள்ளட்டும். கைக்கு நடந்ததற்குத் தனியாகப் புகார் கொடுக்கலாம். கொடுப்பதால் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்."

அவள் சொல்லி முடித்ததும் இஸ்திரிக்காரர் எழுந்து கும்பிட்டார். அதிகாரியைக் கும்பிட்டார், அவளைக் கும்பிட்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். அதிகாரி அடுத்த ஆளுக்கு முன் ஐந்து நிமிடம் வேண்டும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் குடிக்க வராந்தாவுக்கு வந்தபோது மனைவி மட்டும் அங்கே நின்றிருந்தாள். நன்றி சொல்ல நிற்கிறாளாக்கும் என்று நினைத்தாள்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"சட்ட விஷயம்னா நான் சொல்லக் கூடாதுக்கா."

"அதில்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவர் கெஞ்சினேன்னு சொன்னாரே. அதை நீங்க அப்படியேவா சொன்னீங்க?"

மொழிபெயர்ப்பாளர் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள்.

"அந்த பாஷையில கொஞ்சம் கௌரவமா வேற வார்த்தை இல்லியா? கேட்டேன், அப்படின்ற மாதிரி? அந்த ஆபீசர் அவரை என்னன்னு நெனப்பாரு. எங்க வீட்டுல அவர் யார்கிட்டயும் ஒரு டம்ளர் தண்ணிகூடக் கேட்டு வாங்க மாட்டாருங்க."

"கேட்டேன்னுதான் சொன்னேன்க்கா," என்றாள் மொழிபெயர்ப்பாளர். "கெஞ்சினேன்னு சொல்லல."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"நல்லவேளை." அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும்."

படிக்கட்டின் கீழே இஸ்திரிக்காரர் ஒரு தூணுக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மனைவி அதைப் பார்த்தாள், ஆனால் இறங்கவில்லை. அவர் முகத்தைத் துடைத்து, காலரைச் சரிசெய்து, மேலே திரும்பி "என்ன பண்ற அங்க, வா" என்று அதட்டுகிற வரைக்கும், கைப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.