சிறப்புரைக்கு முன்னால்

அழைப்பிதழில் என் பெயர் கடைசிக்கு முந்தைய வரியில், சிறப்புரை என்பதற்கு எதிரே இருந்தது. கீழே நன்றியுரை மட்டும். மேலே வரவேற்புரை, தலைமை, முன்னிலை, வரிசையாக வாழ்த்துரைகள். திண்டிவனத்தில் எங்கள் வரலாற்று வட்டத்தின் மாலைக் கூட்டம் எப்போதும் இப்படித்தான். ஆனால் நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில், பனி பெய்யும் ஊர்களில் கூட்டங்கள் வேறு மாதிரி நடக்கும். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உட்காருவார்கள். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். அந்த நினைப்பில்தான் சவுரியம்மாளைக் கூப்பிட்டுவிட்டேன்.

சவுரியம்மாள் பெருமுக்கல் பக்கம் ஒரு குவாரியில் கல் உடைத்தவர். அங்கே பாறைக்கு வெடி வைத்தபோது கல் விழுந்து அவருடைய அக்கா கெங்கம்மாள் இறந்தார். விலகச் சொல்லி யாரும் விசில் ஊதவில்லை. மறுநாளும் வேலை நடந்தது. கல் உடைத்த பெண்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சவுரியம்மாள் ஒன்றைத்தான் கேட்டார்.

"எங்க அக்கா செத்தத நாலு படிச்சவங்க முன்னாடி சொல்லுவியா கண்ணு? நான் வந்து கேக்கணும்."

மருமகள் பிரபாவதியோடு ஆறு மணிக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்குக் கடைசி பஸ் எட்டேகாலுக்கு.

சிறப்பு விருந்தினர் அன்புச்செல்வன் விழுப்புரத்திலிருந்து வந்து சேரவே ஏழாகிவிட்டது. பிறகு பொன்னாடைகள். தலைவர் விருந்தினருக்குப் போர்த்தினார், விருந்தினர் தலைவருக்குப் போர்த்தினார், செயலாளர் நடராசன் இருவருக்கும் போர்த்தினார். ஒவ்வொன்றுக்கும் போட்டோ.

"இன்னா அத்தை, மாத்தி மாத்தி போத்திக்கினே இருக்காங்க?" என்றாள் பிரபாவதி.

"இந்த வேக்காட்டுல எப்டிதான் தாங்குறாங்களோ," என்றார் சவுரியம்மாள்.

வாழ்த்த வந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் வாழ்த்தினார்கள். "சங்கவி போன்ற இளைஞர்கள் பேச முன்வர வேண்டும்," என்று ஒருவர் நீளமாகப் பேசினார். நான் மேடையில் கையில் தாள்களோடு முன்வந்தே உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த நடராசனிடம் குனிந்து, "சார், அவங்க பஸ்ஸுக்குப் போவணும். என்ன மொதல்ல பேச வுடுங்களேன்," என்றேன்.

"நிகழ்ச்சி நிரல்னு ஒண்ணு இருக்குல்லம்மா."

எட்டு மணி தாண்டி என்னை அழைத்தார். மைக்கைக் கொடுக்கும்போதே, "ஜல்தியா முடிச்சிடும்மா. அஞ்சே நிமிஷம்," என்றார்.

நான் நேராகக் குவாரியில் ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் நடராசன் என் சட்டைக் கையை இழுத்தார். "தலைவர் பேரச் சொல்லாம ஆரம்பிச்சிட்டியே. கோவிச்சிக்குவாரு."

சொன்னேன். தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே, வாழ்த்தி அமர்ந்திருக்கும் இன்னார் அவர்களே, இன்னார் அவர்களே. ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். அது முடிவதற்குள் பிரபாவதி எழுந்து மாமியாரின் தோளைத் தொட்டாள். இருவரும் வாசலை நோக்கி நடந்தார்கள். தாளை விட்டுவிட்டுச் சொன்னேன்.

"கெங்கம்மாள்னு ஒருத்தங்க இருந்தாங்க."

சவுரியம்மாள் நின்றார். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அத்தை, பஸ்ஸு!"

"போனா போவுது போ. ஆட்டோ புடிச்சிக்கலாம்."

நடராசன் என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். "நேரமின்மை காரணமாகச் சிறப்புரை இத்துடன் நிறைவடைகிறது. பின்னால போண்டா இருக்கு, எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போவணும்." நாற்காலிகள் இழுபடும் சத்தம் கூடம் முழுக்க எழுந்தது.

நான் மேடையிலிருந்து இறங்கி சவுரியம்மாள் முன்னால் நின்று, விசில் ஊதாத அந்தக் காலையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தலையாட்டி நிறுத்தினார்.

"எனக்குத் தெரிஞ்சதையே எனக்கு இன்னாத்துக்குச் சொல்ற?" போண்டாத் தட்டுகளைச் சுற்றி நின்ற முதுகுகளைக் கை காட்டினார். "அவங்களாண்ட போயி சொல்லு. சத்தமா சொல்லு. நான் இங்கேருந்து கேக்குறேன்."