நாற்பத்தோரு சதவீதம்

நம் லிஃப்ட் மெக்கானிக் நாற்பத்தெட்டாவது வயதில் முதன்முதலாக ஓர் ஈ-ரீடர் வாங்கினார். கடையில் இருந்ததிலேயே மலிவானது. உள்ளே விளக்கு கிடையாது. பக்கத்தைத் தள்ளினால் திரை ஒரு முறை கன்னங்கரேலென்று கறுத்து, யோசித்து யோசித்துத்தான் அடுத்த பக்கத்தைக் காட்டும். போன பக்கத்தின் வரிகள் அடியில் மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கும். பக்க எண்ணுக்குப் பதில் மூலையில் ஒரு சதவீதக் கணக்கு. இருந்தும் அதன்மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. எழுத்தை வேண்டுமட்டும் பெரிதாக்கலாமே! வரிக்கு நாலு வார்த்தை நிற்கும் அளவுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டார். வாரக்கணக்கில் சார்ஜ் போட வேண்டாம் என்பதை வேலையிடத்தில் கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது.

வாங்கிய காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அதை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

அவர் மனைவி ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாலு வருஷம், லீவு நாளெல்லாம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினாள். முடித்ததும் முதலில் புருஷன் கையில்தான் கொடுத்தாள். பொடி எழுத்தில் முந்நூறு தாள். மனிதர் பன்னிரண்டு தாள் படித்தார். கண் எரிந்தது. கண்ணாடி போட வேண்டும் என்று ஒத்துக்கொள்ள வீம்பு இடம் கொடுக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் ஓடியது. அவள் கேட்டபோது, "படிச்சிட்டேன், பிரமாதம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"லிஃப்ட் வர்ற எடம்? உங்க தொழிலாச்சே, அதான் எனக்கு பயம்."

"அச்சு அசல்! ஒரு எழுத்தக்கூட மாத்தாத."

அவள் மாற்றவில்லை. இரண்டு வருஷம் அலைந்து, போன மாதம்தான் நாவல் மின்னூலாக வெளிவந்தது. அவருடைய ஈ-ரீடரில் அதை ஏற்றிக் கொடுத்ததும் அவளேதான். "மறுபடியுமா படிக்கப் போறீங்க?" என்று கேட்டபோது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. சாகவில்லை. "நல்ல புத்தகத்த ரெண்டு தடவயாவது படிக்கணும்ல?" என்று இன்னொரு பொய்யைத்தான் சொன்னார்.

தினமும் மத்தியானம், பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியிலுள்ள மோட்டார் அறையில், ஜன்னல் வெளிச்சத்தில் படித்தார். பேச்சுவார்த்தை அற்றுப்போன ஓர் அண்ணன் தங்கையின் கதை. படிக்கப் படிக்க டிபன் பாக்ஸைத் திறக்க மறந்தார். ஓரிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் வீட்டுச் சமையலறையில் காய் நறுக்குகிறவளா இதை எழுதினாள்? பெருமை தாங்காமல், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நூலகத்தில் அவள் நாவலிலிருந்து ஓர் அத்தியாயம் வாசிக்கப் போவதற்குத் தன் ஆட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டுவிட்டார். ஃபோர்மேனையும்கூட. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மண்டபத்து லிஃப்டில் நாலு குறை கண்டுபிடித்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருகிற ஆள் அவர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாற்பத்தோரு சதவீதத்துக்கு வந்தார். அண்ணன் தங்கையிடம் சமாதானம் பேசக் கிளம்புகிறான். எட்டாவது மாடியில் லிஃப்டில் ஏறுகிறான். லிஃப்டின் ஒற்றைக் கயிறு பட்டென்று அறுகிறது. திரை கறுத்துத் தெளிந்தது. லிஃப்ட் கல்லாகக் கீழே விழுந்து அண்ணன் செத்துக் கிடந்தான்.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். எதிரே சக்கரத்தின் மேல் ஆறு கயிறுகள் ஓடிக்கொண்டிருந்தன. லிஃப்டில் ஏறப் பயப்படுகிறவர்களுக்கெல்லாம் இருபத்தைந்து வருஷமாக அவர் விளக்கிச் சொல்கிற சங்கதி இது. கட்டிய மனைவிக்குச் சொல்லவில்லை.

அவள் இன்று வாசிக்கப் போவதும் இதே அத்தியாயம்தான். "உங்க ஆளுங்க வர்றாங்கல்ல, அவங்களுக்குப் பிடிக்கும்" என்று காலையில்தான் சொன்னாள். ஃபோர்மேன் சும்மா இருப்பாரா? 'ஏம்மா, வீட்டுலயே மெக்கானிக்க வெச்சுக்கிட்டு ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?' என்பார். சபை சிரிக்கும். அவள்தான் அன்றைக்கே கேட்டாளே! அவளிடம் சொல்லிவிடலாம் என்றால், படிக்காத குட்டு உடையும்.

வெட்கங்கெட்ட மனிதர் முதலில் ஃபோர்மேனைத்தான் போனில் கூப்பிட்டார். "சாயங்காலம் வேல இருந்தா வர வேணாம்ணே, பரவால்ல."

"வராம எப்படிய்யா? சட்டைய இஸ்திரி போட்டு மாட்டியாச்சு!"

வேறு வழியில்லை. மனைவியைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க, சாப்பிட்டீங்களா?"

"அந்த லிஃப்ட் அத்தியாயம் வேணாம். லிஃப்ட் அப்படி விழாது. கயிறு ஒண்ணு இல்ல, ஆறு. ஆறும் அறுந்தாக்கூட, அடியில ஒரு கிடுக்கி இருக்கு, தண்டவாளத்தக் கவ்விப் பிடிச்சுக்கும்."

அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த பரிசோதனை மெஷினை அவள் நிறுத்தினாள்.

"அச்சு அசல்னு சொன்னீங்களே?"

'அன்னிக்குக் கவனிக்கல' என்று ஒரு பொய் தொண்டை வரை வந்து நின்றது. அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"அன்னிக்கு நான் படிக்கவே இல்ல. பன்னெண்டு தாளோட வெச்சுட்டேன். இப்பத்தான் படிக்கிறேன்."

"இப்ப எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

"நாப்பத்தோரு சதவீதம்."

"எப்படி இருக்கு?" ஊசி குத்துவதற்கு முன்னால் நோயாளியிடம் பேசுகிற குரலில் கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கு. சத்தியமா. சாப்பாட்டக்கூட மறந்துட்டேன்." வாழ்க்கையில் அவ்வளவு உண்மையாக அவர் எதையும் சொன்னதில்லை. அவருடைய காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.



"வேற அத்தியாயம் படிச்சுக்கறேன். உங்க ஆளுங்க வரட்டும். நீங்க மட்டும் இன்னிக்கு வராதீங்க."

"ஏய், நான்..."

"முன்னால உக்காந்து தலைய ஆட்டுவீங்க. அதப் பாத்துக்கிட்டே என்னால படிக்க முடியாதுங்க."