அலைமேடையில் ஒரு கண்ணீர் அஞ்சலி

தமிழழகன் செத்துப்போன சேதி தமிழழகனுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

கருணாபுரத்தில் சாராயச் சாவு விழுந்த வாரம் அது. எந்த வீட்டில் யார் வாந்தி எடுக்கிறார்கள், யாருக்குக் கண் மங்குகிறது என்று பார்த்து ஆட்டோவில் ஏற்றுவதும், திரும்பி வந்து அடுத்த வாசலில் பந்தல் போடுவதுமாக அலைந்துகொண்டிருந்தான். பக்கத்து வீட்டுச் சடையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் அவன்தான். சடையன் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். மேட்ச் நடக்கிற நாளெல்லாம் தமிழழகனோடு மொட்டை மாடியில் உட்கார்ந்து அவன் போனில் ஆட்டம் பார்ப்பார். கோல் விழுந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவார். போகும்போது உட்கார்ந்து போன மனுஷன், வரும்போது படுத்து வந்தார்.

அவர் காரியம் முடிந்த மறுநாள் மலர்விழி போனைக் கொண்டுவந்து புருஷனிடம் நீட்டினாள். வடக்கனந்தலில் இருக்கும் அவள் தம்பி அனுப்பியிருந்தான்.

"இன்னா இது? நீங்க செத்துட்டீங்கன்னு போட்டுக்கினு இருக்கறானுங்க."

அலைமேடை என்பது வங்கக்கடல் எஃப்.சி. என்ற சென்னைக் கால்பந்து அணியின் ரசிகர்கள் இணையத்தில் கூடும் இடம். பெயின்ட் வேலை முடிந்து வந்தால் தமிழழகன் அங்கேதான் குடியிருப்பான். பழைய கோல்கீப்பரை அணியை விட்டு அனுப்பக் கூடாது என்று போன மாதம் அவன் ஒருத்தன் எழுதப்போய், மொத்தக் கூட்டமும் சேர்ந்து அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தது. தற்குறி என்று எழுதியவன் பிரவீன்குமார் என்கிற பையன்.

அதே இடத்தில் இப்போது தமிழழகன் ஜெர்சியோடு சிரித்துக்கொண்டிருந்தான். படத்தைச் சுற்றி விளக்கு, புறா, கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. கள்ளச்சாராயம் பறித்துக்கொண்ட எங்கள் அண்ணனே என்று கீழே ஒரு வரி. அண்ணனைப் போல் ஒரு தங்கமான மனுஷனைப் பார்க்க முடியாது என்று பிரவீன்குமார் உருகியிருந்தான். இந்த மனுஷனை ஒருநாளும் நேரில் பார்த்திராதவன் அவன்.

தமிழழகனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு உடம்பெல்லாம் எரிந்தது. யார் சொன்னார்கள் இவர்களுக்கு? ஒருத்தரும் சொல்லவில்லை. ஊர் கள்ளக்குறிச்சி, தெரு கருணாபுரம், நாலு நாளாக ஆளைக் காணோம். அப்புறமென்ன, குடித்துத்தான் செத்திருப்பான் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு போன் போட்டுக் கேட்கக்கூட எவனுக்கும் தோன்றவில்லை. சாராய வாடையே ஆகாதவனுக்கு இப்படி ஒரு பட்டம்.

அதோடு போயிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பான். அஞ்சலிக்கு அடுத்தாற்போல் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. குடித்துச் சாகிறவனுக்கெல்லாம் நம் வரிப்பணத்தில் நிவாரணமா, அடுத்த பிறவியில் கள்ளக்குறிச்சியில் பிறக்கவேண்டும் என்று ஒருவன் ஆரம்பிக்க, வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். பெயர்களைப் பார்த்தான். மேலே அழுத அதே ஆட்கள்தான் கீழே சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பித்து வைத்தவன் பிரவீன்குமார்.

சடையன் வீட்டு வாசலில் பந்தல்கூட இன்னும் பிரிக்கவில்லை. தமிழழகன் அலைமேடையை நடத்துகிற இளஞ்செழியனின் நம்பரைத் தேடிப் பிடித்து அடித்தான். அவர் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர். செத்தவன் குரலைக் கேட்டதும் பதறிப்போனார். மன்னிப்பு கேட்டார், ரொம்பச் சந்தோஷம் என்றார், அஞ்சலியை உடனே எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

"அத்த எடுக்காதீங்க. கீழ சிரிச்சிக்கினு இருக்கறாங்களே, அத்த எடுங்க," என்றான் தமிழழகன். "அஞ்சலியில என் படத்துக்குப் பதிலா எங்க தெரு சடையன் படத்த வைங்க. அனுப்பறேன். அழுதது அழுதபடியே இருக்கட்டும்."

இளஞ்செழியன், "அது எப்படிங்க? அவரு நம்ம மெம்பர் இல்லையே," என்றார். கீழே இருப்பது பொதுப்பேச்சு, அதில் கை வைத்தால் கருத்துச் சுதந்திரம் என்று சண்டைக்கு வருவார்கள் என்றும் சொன்னார்.

தமிழழகன் போனை வைத்துவிட்டான். சாயங்காலத்துக்குள் அஞ்சலி காணாமல் போனது. சிரிப்பு அங்கேயேதான் இருந்தது.

அவன் அலைமேடையை விட்டு வெளியேறவில்லை. மாடியில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கிற சடையனின் படம் ஒன்று போனில் இருந்தது. தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஜெர்சிப் படத்தை எடுத்துவிட்டு அதை வைத்தான். கோல்கீப்பரை அனுப்பக் கூடாது என்று மறுபடியும் எழுதினான்.

உயிர் பிழைத்து வந்த அண்ணனுக்கு முதல் ஆளாக வந்து வாழ்த்துச் சொன்னவன் பிரவீன்குமார்தான். கூடவே, படத்தில் இருப்பது யார், அப்பாவா என்று கேட்டிருந்தான்.

"நீ சிரிச்சியே தம்பி, அவரு," என்று எழுதினான் தமிழழகன்.